வலது பக்கம் ஒரு தட்டு

வெள்ளவத்தையில் எங்கள் நில அளவைக் கந்தோரின் கதவைத் திறந்துகொண்டிருந்த நேரம் போன் அடித்தது. பெனடிக்கின் மகள் டிலானி. "அங்கிள், அப்பா விடிய எழும்பயில்லை," என்றாள். எதற்கும் பகிடி விட்டே பழகிய வாய் எனக்கு. அன்று அதில் வந்தது "எப்ப பிள்ளை?" என்பது மட்டும்தான்.

நான் அந்தக் கந்தோரின் பியூன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. பெனடிக் அங்கே கணினியில் செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபட வேலை செய்தவர். அவரைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும், மவுஸைத் தொடமாட்டார். பேஜ் அப் தட்டினால் நிலம் கிட்ட வரும், பேஜ் டவுன் தட்டினால் விலகும், அம்புக்குறிகள் நாலு பக்கமும் கொண்டுபோகும். அது போதும் அவருக்கு. கந்தோரிலிருந்து எந்தக் காணிக்கு எத்தனை தட்டு என்று பைல் மட்டையில் எழுதிவைப்பார். "மவுஸ் பிடிக்கிற கை நடுங்கினா காணியும் நடுங்கும், அண்ணை. பட்டன் நடுங்காது," என்பார். திரையின் நடுவில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்திருந்தார். தட்டு சரியென்றால் காணி அந்தப் புள்ளியில் வந்து நிற்கும்.

"கொம்பியூட்டருக்குப் பொட்டு வச்சாச்சு, தாலி எப்ப?" என்று கேட்பேன். அவர் தேநீர் குடிக்கப் போனதும் அம்புக்குறியை ஒருமுறை தட்டிவிட்டு நல்ல பிள்ளைபோல் நிற்பேன். வந்து உட்கார்ந்து, திரும்பியும் பாராமல், "அண்ணை, ஆரோ கொட்டாஞ்சேனையைக் கடலுக்குள்ள தள்ளிவிட்டிருக்கினம்," என்பார். ஒருநாளும் பதிலுக்குச் சீண்டியதில்லை.

அன்று மத்தியானம் டிலானி கந்தோருக்கே வந்தாள். மனைவியின் குழியிலேயே தன்னையும் வைக்கவேண்டும் என்பது பெனடிக்கின் ஒரே ஆசை. வத்தளைக் கல்லறைத் தோட்டமான சேமக்காலைக்குள் வெள்ளம் ஏறியபோது அந்தக் குழியின் மரச்சிலுவையும் போனது, குழிகளைக் குறித்துவைத்த காவலாளியின் கொப்பியும் போனது.

"நாளைக்கு அடக்கம், அங்கிள். எங்க வெட்டுறது எண்டு கேக்கினம். அம்மாவை வைக்கேக்க நான் சின்னப்பிள்ளை. பிறகு அப்பா தனியத்தான் போய்வாறவர், எனக்கு இடம் தெரியாது."

அவருடைய பைபிளுக்குள் இருந்த துண்டுத்தாள் ஒன்றை நீட்டினாள். 'அம்மா' என்று எழுதி, கீழே தட்டுகளின் கணக்கு.

ஒவ்வொன்றாகத் தட்டினேன். கடல் வந்தது. திரும்பவும் முதலிலிருந்து தட்டினேன். அதே கடல், அதே இடம்.

"அப்பா பிழையா எழுதமாட்டார்," என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. இது போன மாதம் வந்த அகலத் திரை. அம்புக்குறி ஒவ்வொரு தட்டுக்கும் திரையின் அகலத்தில் ஒரு பங்கு நகரும். திரை மாறினால் ஊரே மாறும். பழைய திரையை ஸ்டோருக்குள் போட்டவனே நான்தான். தூக்கிவந்து பூட்டினேன். தூசிக்குள் அந்த வெள்ளைப் புள்ளி விழித்துக்கொண்டிருந்தது.

கடைசித் தட்டில் படம் கலங்கி, மெல்லத் தெளிந்தது. வெள்ளத்துக்கு முந்திய படம். புள்ளியைச் சுற்றி ஒரு கறுப்பு நீள்சதுரம், திறந்த குழி. பக்கத்தில் பொத்தான்களாய்க் குடைகள். வலது ஓரத்தில் ஒரு சிவப்புக் குடை. என் மனைவியுடையது. அன்று வெயிலுக்குப் பயந்து நான் அதைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன்; குழி இருந்த இடம் மனதில் பதியவேயில்லை. பெனடிக்கின் மனைவியை அடக்கிய அதே நேரத்தை வானத்திலிருந்து ஏதோ பார்த்து வைத்திருக்கிறது.

குழியின் தலைமாட்டில் குடையில்லாமல் ஒரே ஒரு ஆள்.

"அப்பா," என்றாள் டிலானி. நாளைக்குத் தான் இறங்கப்போகும் குழியருகே அவர் நின்றுகொண்டிருந்தார்.

மதில் மூலையிலிருந்து தூரம் அளந்து எழுதிக்கொடுத்தேன். மறுநாள் அங்கேதான் வெட்டினார்கள். மண்ணுக்குள்ளிருந்து மனைவியின் பெட்டியில் பதித்த பித்தளைச் சிலுவை வந்தது. டிலானி அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

துண்டை அவள் என்னிடமே விட்டாள். வீட்டுக்கு வந்துதான் பின்பக்கம் பார்த்தேன். பென்சிலால் எழுதியிருந்தது: 'அண்ணைக்கு: வலது ஒண்டு கூட.'

திங்கட்கிழமை கந்தோரில் தனியே இருந்து, 'அம்மா' என்றதன் கீழ் இருந்த தட்டுகளையெல்லாம் தட்டி, வலது பக்கம் ஒன்று கூடத் தட்டினேன்.

வெள்ளைப் புள்ளி சிவப்புக் குடையின் நடு உச்சியில் வந்து நின்றது.

குடைக்குள் ஒளிந்த என்னைக் கண்டுபிடித்து, பெனடிக் திருப்பி விட்ட ஒரே பகிடி அது. என்னிடம் இருப்பதும் அதுதான். அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வெயில் எவ்வளவு எறித்தாலும் அந்தக் குடையை மட்டும் இப்போது விரிப்பதில்லை.