நாலு கோட்டில் நின்ற பெரிய முள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கடிகாரம் கிடையாது. பெரிய வாத்தியாரின் கையில் கட்டியிருந்த வாட்ச்தான் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், ஐப்பசி மழையில் அந்த வாட்சுக்குள் தண்ணீர் போய்விட்டது. பாண்டிச்சேரியில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தார். கடைக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தான்.

அறுபதுகளின் கடைசி அது. பாகூர் கொம்யூன் வட்டாரத்தில், கடலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த சின்ன ஊர் எங்களுடையது. ஓட்டுக் கட்டடம் ஒன்று, அதில் ஒரே கூடம். ஒரு பக்கம் டீச்சர் ஒன்றையும் இரண்டையும் வைத்துக்கொண்டு அ, ஆ சொல்லிக்கொண்டிருப்பார். மறுபக்கம் பெரிய வாத்தியார் மூன்று, நான்கு, ஐந்து என மூன்று வகுப்புகளையும் வரிசையாக உட்காரவைத்து, ஒன்றுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றுக்குப் பாடம் நடத்துவார். அவர் பாகூர்ப் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர்.

வாட்ச் போனதும் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். பஸ் நிற்கிற இடத்தில் பாய் கடை என்று ஒரு மளிகைக் கடை இருந்தது. அதன் சுவரில் பெரிய பழைய கடிகாரம் ஒன்று. பிரான்சுக்குக் கப்பலேறிய ஒரு குடும்பம் விட்டுப்போனது என்று சொல்வார்கள். தினமும் ஒரு பிள்ளை அங்கே போய் மணி பார்த்துவந்து சொல்ல வேண்டும்.

"மணி பாக்கத் தெரியும்ல எல்லாருக்கும்?" என்று கேட்டார்.

"தெரியும் சார்!" என்று கூடமே அதிர்ந்தது. நானும் கத்தினேன். எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

முதல் வாரம் ஐந்தாம் வகுப்பு போயிற்று, அடுத்து நான்காம் வகுப்பு. யார் போனாலும் சரியாகவே வந்து சொன்னார்கள். பிறகு எங்கள் முறை வந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்தே விடாத மழை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்துக்குள் சிலேட்டில் எழுதியது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஓட்டிலிருந்து சொட்டிய இடத்தில் டீச்சர் ஒரு வாளியை வைத்திருந்தார். ரெண்டரைக்குச் சின்ன இடைவேளை விட வேண்டும். வாத்தியார் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ ஓடிப்போய் மணி என்னன்னு பாத்துட்டு வா."

மூலையில் கிடந்த கோணியை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன். பாதி சந்தோஷம், பாதி பயம். கடையில் பாய் இல்லை. பின்பக்கத்து வீட்டில் சாப்பிடப் போயிருந்தார் போலிருக்கிறது. வாசலில் ஒரு சாக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை விலக்கிப் பார்த்தால் கடிகாரம் தெரிந்தது. நான் எதிர்பார்த்த ஒன்று, இரண்டு, மூன்று எதுவும் அதில் இல்லை. வெறும் கோடுகள். சில இடத்தில் பெருக்கல் குறி மாதிரி, சில இடத்தில் கவட்டை மாதிரி. இரண்டு முட்களில் பெரியது எது என்று மட்டும் தெரிந்தது. அது எங்கே நிற்கிறது என்று உற்றுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாலு கோடு. பெரிய முள்தானே பெரிய விஷயத்தைச் சொல்லும்?

"நாலு சார்," என்றேன், மூச்சு வாங்க.

"நாலா?" வாத்தியார் திகைத்துப்போனார். "அதுக்குள்ளயா? நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்தேன் சார்."

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வெளியே பார்த்துவிட்டு, "எனக்கும் நேரமான மாதிரிதான் இருந்துது சார். மழையில பொழுதே தெரியல," என்றார். அவ்வளவுதான். தாழ்வாரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை ஐந்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி கம்பியால் ஓங்கி அடித்தாள். சிலேட்டுகள் பைக்குள் விழுந்தன. ஒரு நிமிஷத்தில் கூடம் காலி.

அம்மா எங்கள் கழனியில் நடவில் இருந்தாள். வரப்பில் என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"இன்னாடி, அதுக்குள்ள வந்து நிக்கற?"

"பள்ளிக்கூடம் வுட்டாச்சும்மா."

"மூணு மணி பஸ்ஸே இன்னும் போவலயேடி! வாத்தியாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

கூட நட்ட பெண்களும் அப்படித்தான் என்று முடிவு செய்து, பாவம், மழையில் நனைந்து ஜுரம் வந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

பொழுது சாய அப்பா வந்தார். பாய் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனவர். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். வாத்தியார் கதவைப் பூட்டிவிட்டு, நாலேகால் பஸ்ஸைப் பிடிக்கவேண்டுமே என்று நனைந்துகொண்டே ஓடிவந்து கடைத் தாழ்வாரத்தில் நின்றாராம். சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த பாய் சாக்கை விலக்கி, "இன்னா சார், இன்னிக்கு லீவா?" என்று கேட்டாராம். வாத்தியார் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாராம். மணி ரெண்டு நாற்பது.

"பசங்களைப் புடிக்கத் திரும்பி ஓடியிருக்காரு. ஒரு ஈ காக்கா இல்ல," என்று அப்பா சிரித்தார். "யாரோ ஒண்ணு மணியைத் தப்பாப் பாத்துச் சொல்லிடுச்சாம். யாரு அது?"

நான் சோற்றுத் தட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

மறுநாள் வயிற்றுவலி என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக் கொண்டுவந்து பள்ளி வாசலில் விட்டுவிட்டுத்தான் கழனிக்குப் போனாள்.

கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்ததும் வாத்தியார் என்னை எழுந்திருக்கச் சொன்னார்.

"நேத்து எப்படிம்மா பாத்த?"

"பெரிய முள்ளு நாலு கோட்டுல நின்னுச்சு சார்."

"சின்ன முள்ளு?"

"அதைப் பாக்கல சார்."

"மணி பாக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியாது சார்."

"அப்புறம் ஏன் தெரியும்னு சொன்ன?"

"எல்லாரும் சொன்னாங்க சார்," என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் பிரம்பைத் தொடவில்லை. எங்கள் எல்லாரையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு, மணி அடித்த ஐந்தாம் வகுப்பு அக்காவிடம் கேட்டார்: "நீ போனியே, நீ எப்படிப் பாத்த?"

அக்கா பின்னலின் நுனியைத் திருகினாள். "பாய் சொன்னாரு சார்." வாத்தியார் போய்வந்த மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டார்.

"நீ?"

"பாய்தான் சொன்னாரு சார்."

"நீ?"

"நான் கடைக்குள்ளயே போவல சார். ரோட்டுல இருந்தே கேட்டேன்."

இரண்டு வாரமாகப் போய்வந்த ஒருவருக்கும் மணி பார்க்கத் தெரியாது. பாய் இல்லாத நேரத்தில் போன ஒரே பிள்ளை நான். வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் சிரித்ததும் டீச்சரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் எதற்கென்று தெரியாமல், அழுதுகொண்டே சிரித்தேன்.

"தப்பு என் மேல. கேட்டேனே தவிர சொல்லிக்கொடுக்கல," என்றார் வாத்தியார்.

அன்றைக்கு வாய்ப்பாடு இல்லை, பாடப்புத்தகம் இல்லை. பாய் கடையிலிருந்து காலியான சோப்பு அட்டைப் பெட்டிகள் வந்தன. தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டினோம். விளக்குமாற்று ஈர்க்கில் பெரிதும் சிறிதுமாக இரண்டு முட்கள். நடுவில் குத்த ஒரு கருவேல முள். எண்களை இரண்டு விதமாக எழுதவைத்தார், உள்வட்டத்தில் எங்களுக்குத் தெரிந்தது, வெளிவட்டத்தில் பாய் கடைக் கடிகாரத்தில் இருந்த ரோமன் எண்கள். பழைய கடிகாரங்களில் நாலை நாலு கோடாகவே போடுவார்களாம்.

"கையை விரிச்சுக் கட்டை விரலையும் சுண்டு விரலையும் பாரு. கவட்டை மாதிரி இருக்கா? அதான் அஞ்சு. ரெண்டு கவட்டையை மேலும் கீழுமா ஒட்டவச்சா பத்து."

முட்களுக்கும் ஒரு விளக்கம் சொன்னார். சின்ன முள் ஊர்ப் பெயரைச் சொல்லும், பெரிய முள் அந்த ஊரைத் தாண்டி எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று சொல்லும். இரண்டாம் ஊரை விட்டுக் கிளம்பி இருபது அடி வந்திருந்தபோதுதான் நான் நாலாம் ஊர் வந்துவிட்டது என்று கத்தியிருக்கிறேன்.

இன்றுவரை மணி பார்க்கும்போது எனக்கு ஒரு பாதையும் இரண்டு ஊர்களும்தான் தெரிகின்றன.

அந்த வாரம் முழுவதும் மணி பார்க்க நானே போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். பாயிடமும் சொல்லிவைத்திருந்தார். முதல் நாள் நான் போய் நின்றதும் பாய் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பருப்பு நிறுத்தார்.

"பாய்..."

"நான் சொல்லமாட்டேன்மா. சொன்னா ஒங்க சார் கோச்சுப்பாரு. நீயே பாரு, மெதுவாப் பாரு."

நான் விரலை நீட்டி அஞ்சு, பத்து, பதினஞ்சு என்று எண்ண ஆரம்பித்தேன். வெல்லம் வாங்க வந்த ஒரு பெரியவர், "இன்னா பாய், கடிகாரத்துக்குப் பாடம் நடக்குதா?" என்றார். எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். அவரும் பாயும் நான் முடிக்கும்வரை வாய் திறக்காமல் காத்திருந்தார்கள்.

பள்ளிக்கு வந்து, "ரெண்டு அடிச்சு முப்பத்தேழு நிமிஷம் சார்," என்றேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "ஆனா, நான் நடந்து வந்துட்டனே. இப்ப நாப்பது ஆயிருக்கும் சார்."

வாத்தியார் கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தார். "கேட்டீங்களா?" என்றார் கூடத்தைப் பார்த்து. அந்த ஒரு வார்த்தை எனக்கு அந்த வருஷம் முழுக்கப் போதுமானதாக இருந்தது.

இதற்கு நடுவில் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார். ரெண்டு இருபதுக்கு விட்ட பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டிருக்க வேண்டும். வீணான நேரம் எவ்வளவு? ஐந்தாம் வகுப்பு அக்கா தன் அட்டைக் கடிகாரத்தில் ஈர்க்கைச் சுற்றிச் சுற்றி நூறு நிமிஷம் என்று கண்டுபிடித்தாள். அந்த நூறை என்ன செய்யலாம் என்று பேசி, பத்து நாளைக்குப் பத்து நிமிஷம் கூடுதலாக உட்காருவது என்று முடிவாயிற்று. எல்லாரும் என்னை முறைத்தார்கள்.

ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் பாடம் நடத்தவில்லை. தினமும் மூன்று பேரை எழுப்பி, "மணி நாலு அடிச்சு அஞ்சு. இப்ப உங்க வீட்ல என்ன நடக்குது, சொல்லு," என்பார். ஒருத்தன் வீட்டில் மாடு கறக்கிற நேரம். கன்றை அவிழ்த்துவிட அவன் இல்லாததால் தாத்தா திட்டிக்கொண்டிருப்பார் என்றான். இன்னொருத்தி வீட்டில் அண்ணன் கரும்புத் தோகை சுமந்து வருவான். இரண்டாம் வகுப்பில் படித்த பாயின் மகள், அத்தா தொழுதுவிட்டு வந்து டீ குடிக்கும் நேரம், அம்மா தனக்காக ஒரு பன்னை ஒளித்துவைத்திருப்பாள் என்றாள். என் முறை வந்தபோது, அம்மா வாய்க்காலில் கால் சேற்றைக் கழுவுவாள், கழுவும்போது பாடுவாள், யாராவது வந்தால் நிறுத்திவிடுவாள் என்றேன். அதுவரை நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. யாரும் சிரிக்கவில்லை.

நாள் போகப்போக யாருக்கும் வீட்டுக்கு ஓடத் தோன்றவில்லை. முறை வராதவர்கள் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார்கள்.

பத்தாம் நாள் பிள்ளைகள் எல்லாரும் சொல்லி முடித்துவிட்டோம். நேரம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஐந்தாம் வகுப்பு அக்கா துணிந்து கேட்டாள்: "சார், ஒங்க வூட்ல இன்னா நடக்கும் சார்?"

வாத்தியார் யோசித்தார். "என் பொண்ணு பஸ் ஸ்டாப்புல வந்து நின்னுட்டு இருப்பா. உங்க டீச்சர்கிட்ட படிக்கிறதுங்க வயசுதான். நாலேகால் பஸ்ஸுல நான் இறங்கினதும் பையை அவதான் வாங்குவா."

"ஆனா நாலேகால் பஸ்ஸு..." என்று ஆரம்பித்த அக்கா நிறுத்திக்கொண்டாள். எங்களுக்கெல்லாம் இப்போது கணக்குப் போடத் தெரியும். நாலுக்கு மேல் பத்து நிமிஷம் தாண்டி மணி அடித்து, கதவைப் பூட்டி, கடைவரை நடந்தால் அந்த பஸ்ஸைப் பிடிக்க முடியாது. இந்த ஒன்பது நாளும் அவர் அஞ்சேகால் பஸ்ஸில்தான் போயிருக்கிறார்.

"அவ்வளவு நேரமும் நின்னுக்னு இருக்குமா சார் அது?" என்று கேட்டேன்.

"முதல் நாள் நின்னா. அப்புறம் சொல்லிட்டேன், பத்து நாளைக்கு அடுத்த பஸ்ஸுன்னு." அவர் சிரித்தார். "நாளையிலேருந்து பழைய பஸ்ஸுதான்."

மணி அடித்தது. யாரும் தங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அக்கா கதவைப் பூட்ட உதவினாள், நான்காம் வகுப்பில் ஒருவன் குடையை எடுத்துக்கொண்டான், அவருடைய பையை என்னிடம் கொடுத்தார்கள். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்திருந்தது. சேற்றைத் தாண்டித் தாண்டி, கூட்டமாகப் பேசிக்கொண்டு, அவரை பஸ் நிற்கிற இடம் வரை கொண்டுபோய் விட்டோம். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. அவர் தாழ்வாரத்துப் பலகையில் உட்கார்ந்தார். நாங்கள் சுற்றிலும் தரையில் உட்கார்ந்துகொண்டு, அவர் மகள் பெயர் என்ன, என்ன விளையாடுவாள், அவளுக்கு எத்தனை பல் விழுந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். அவரும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.