வருஷத்தைக் குறைக்கச் சொன்னவள்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு எனக்கு நான்கு வருடமும் நான்கு மாதமும் கையில் கிடைத்தன. காகிதத்தில், முத்திரை குத்தி!

பொறுங்கள், மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறேன்.

டுரியான் துங்காலில் எங்களுக்கு ஒரு வரிசை வீடு. நாற்பதாயிரம் வெள்ளி பேங்க் கடன். முடிவது இரண்டாயிரத்துப் பத்தில். எனக்கு ஐம்பத்தைந்து வயதாகி ஓய்வு கிடைப்பதோ இரண்டாயிரத்து ஆறில். நடுவில் நான்கு வருடம் சம்பளம் இருக்காது, கடன் மட்டும் இருக்கும்.

என் மனைவி சரோஜாவை உறுத்தியது அந்த நான்கு வருடம்தான். சுங்கை ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் அப்பா ஓய்வு பெற்றபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வேலைக்காகத் தந்த வீடு... வேலை முடிந்தது, வீடும் முடிந்தது. ஒரே மாதத்தில் ஐந்து பிள்ளைகளும் சட்டிபானையும் லோரியில் ஏறின.

"நீங்க ரிட்டையர் ஆகுறதுக்குள்ள இது நம்மளுதா ஆகணும்" என்பாள். இரண்டு வருடமாகத் தொழிற்சாலையில் சனிக்கிழமைகளில் ஓ.டி. பார்த்து மாதம் நூறு வெள்ளி தருகிறாள். தவணையோடு சேர்த்து நானும் கட்டிவருகிறேன்.

இந்த மாதம் எங்களுக்குக் கூட்டுச் சீட்டு விழுந்தது. ஐயாயிரம் வெள்ளி! மூக்கில் வேர்த்ததுபோல் வந்து நின்றான் சரோஜாவின் தம்பி ரவி. இடுப்பில் பேஜர்.

"மச்சான், பூராத்தையும் ஷேர்ல போடுங்க. ரெண்டு மாசத்துல டபுள் லா! எங்க ஆபீஸ்ல தே தாரேக் டீ கலக்குற ஆளே காடி வாங்கிட்டான்."

"அந்தக் காடிக்கு பெட்ரோல் எண்ண ஊத்த ஒங்கிட்டதான கடன் கேக்குறான்?" என்றாள் சரோஜா.

சிரித்தேன். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? என் மனம் ஏற்கெனவே ரவியின் பக்கம் ஓடிவிட்டது. காப்பிக் கடை, முடிவெட்டும் கடை, கோயில் வாசல்... எங்கே நின்றாலும் ஷேர் பேச்சு. காற்றிலேயே பணம் மிதக்கிறது. கையை நீட்டாதவன் முட்டாள் என்று தோன்றாதா?

சரோஜா அசையவில்லை. "பூராத்தையும் வீட்டுக்குக் கட்டுங்க."

"நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தா? சுவத்த ஒடச்சா காசு எடுக்க முடியும்?"

யோசித்தாள். மூன்று நாள் இழுபறி. கடைசியில் அவளே பிரித்தாள். மூவாயிரம் கடனுக்கு. ஆயிரத்து ஐந்நூறு சேமிப்புப் புத்தகத்தில், யாரும் தொடக்கூடாது. மீதி ஐந்நூறு ரவியிடம். "வந்தா பலகாரம் பண்றேன். போனா ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"அக்கா, ஐந்நூறுல என்னா லா வாங்குறது?"

"அழாத. வேணாம்னா குடு."

ஐந்நூறு உடனே அவன் பைக்குள் போனது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு இருவரும் பேங்குக்குப் போனோம். கவுண்டரில் மேரி என்ற தமிழ்ப் பெண். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். புருவம் ஏறியது.

"அண்ணே, ரெண்டு வருசமா எக்ஸ்ட்ரா கட்டியிருக்கீங்க. எதுக்குன்னு சொல்லவே இல்லியே?"

"கடனுக்குத்தாம்மா!"

"அது வரப்போற மாசங்களோட தவணைக்கு முன்பணமா நிக்குது, அண்ணே. அசல்ல ஒரு காசு கொறையல. அசல்ல கழிங்கன்னு லெட்டர் குடுத்தாதான் கழிப்பாங்க."

எத்தனை சனிக்கிழமைகள்! சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்தப் பேங்கிலும் தவணை கிடையாது.

பேங்கின் மேல் குற்றமில்லை. படிவத்தின் பின்பக்கத்தில் எல்லாம் அச்சிட்டிருந்தது. நான் முன்பக்கத்தோடு நின்றவன். ஆபீஸ் ஜன்னலில் காசை நீட்டி, கொடுத்த துண்டுச்சீட்டை மடித்துக்கொண்டு, கேள்வி கேட்காமல் திரும்பிய தோட்டத்து ஜனங்களின் பிள்ளைதானே நானும்?

"ஊருக்கெல்லாம் வாரா வாரம் பத்திரிகையில எழுதுறீங்க. இந்த ஒரு லெட்டரு எழுத வரல" என்றபடி சரோஜா பேனாவை என் முன் தள்ளினாள். அவள் சொல்லச் சொல்ல மலாயில் எழுதினேன். முன்பணமாக நின்ற இரண்டாயிரத்து நானூறு, இன்றைய மூவாயிரம், எல்லாமே அசலில்.

மேரி கேட்டாள்: "மாசத் தவணையக் கொறைக்கவா அக்கா, வருசத்தக் கொறைக்கவா?"

"வருசத்த!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரிண்டர் கிறீச்சிட்டது. கடன் முடியும் ஆண்டு: இரண்டாயிரத்து ஆறு. என் ஓய்வுக்குச் சில மாதம் முன்பே!

நான்கு வருடம்... அது எத்தனை மழை! எத்தனை காலைகள், யாருக்கும் பாக்கி இல்லாத வெயில்! ஒரு கையெழுத்துக்கா இவ்வளவும்? பேங்க் படியில் நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. கொஞ்சம் கத்தியும் விட்டேன்.

வீட்டுக் கடன் உள்ள அன்பர்களே, இந்த வாரமே உங்கள் பேங்கில் கேளுங்கள். நாம் கட்டும் காசுக்கு வாய் கிடையாது. எங்கே போய் உட்கார வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

திரும்பும் வழியில் சரோஜா ஒரு இரும்புக் கடையில் இறங்கி ஆணி வாங்கினாள். நான்கு வருடமாக அலமாரிமேல் படுத்துக் கிடக்கும் எங்கள் கல்யாணப் போட்டோவை மாட்டவாம்.

"பேங்குக்கு இன்னும் முப்பத்தோராயிரம் இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"அவங்களுது பின்னாடி சமையக்கட்டுப் பக்கம் இருக்கட்டும். முன் சுவரு நம்மளுது."

சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன்.