செருப்புக் கூட்டம்

திருத்தணி மலைப்படி ஆரம்பிக்கிற இடத்தில் அர்ச்சனைத் தட்டு விற்கும் குப்பம்மாளுக்கு மனுஷர்களைப் பற்றி ஒரே ஒரு கொள்கைதான் உண்டு. எந்தக் கடையில் செருப்பை இலவசமாக விட்டுவிட்டுப் போகிறார்களோ, அந்தக் கடையில் தட்டு வாங்காமல் போக அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். கொள்கை சரிதான். ஆனால் செருப்பெல்லாம் எதிர்க்கடை எல்லப்பனிடம் போய்க் குவிந்தது. அங்கே ஏற்கெனவே செருப்பு கிடந்ததுதான் காரணம். காலியான கடையை நம் ஜனங்கள் ஊசிப்போன இட்லியைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்கள்.

வருகிற கிருத்திகைக்கும் வியாபாரம் இப்படியே இருந்தால் கடையை எல்லப்பனுக்கே வாடகைக்கு விட்டுவிடுவதாக அவள் வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தி சொல்லிவிட்டார். குப்பம்மாளுக்கு வயிறு எரிந்தது. போயும் போயும் அந்த எல்லப்பனுக்கா?

கிருத்திகையன்று விடியும் முன்பே, அம்மையார்குப்பத்து உறவுக்காரர்களிடம் கேட்டு வாங்கிய பழஞ்செருப்புகளை மூட்டையோடு கொட்டிக் கடை வாசலில் பரப்பினாள். வந்தவர்கள் செருப்பைப் பார்த்தார்கள், தங்கள் செருப்பையும் விட்டார்கள், கூச்சப்பட்டுத் தட்டும் வாங்கினார்கள். எதிரில் எல்லப்பன் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகுதான் வினை வந்தது. ஜனங்கள் இறங்கி வந்து தங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு போக, மூட்டைச் செருப்புகள் மட்டும் அசையவில்லை. அரக்கோணத்து அம்மா ஒருத்தி டீ குடிக்கப் போகும்போது அந்தச் செருப்புகளைப் பார்த்தாள், குடித்துவிட்டு வந்தும் அவை அப்படியே கிடப்பதைப் பார்த்தாள். போனவர்கள் இறங்கவே இல்லை, மேலே கூட்டம் நெரிகிறது என்று சொல்லிக் குடும்பத்தோடு முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தட்டு வாங்க ஆளில்லை.

குப்பம்மாள் வீட்டுக்காரரைக் கடைக்குப் பின்னால் இழுத்தாள்.

“பாவா, சந்து வழியா படி மேல ஏறி, முன்பக்கமா எறங்கி வாங்க. ஒரு ஜோடிய மாட்டிகினு போங்க. அப்பறம் சுத்தி வந்து அடுத்த ஜோடி.”

நெற்றி நிறைய விபூதியோடு சுந்தரமூர்த்தி இறங்கினார், போனார், மறுபடி இறங்கினார். குதிகால் உயர்ந்த பெண்பிள்ளைச் செருப்பில் அவர் தள்ளாடிப் போன அழகை அரக்கோணத்து அம்மா கண் இமைக்காமல் பார்த்தாள். அவர் அடுத்த முறை இறங்கியதும் எழுந்து வழிமறித்தாள். குப்பம்மாளுக்கு உயிரே போய்விட்டது.

“சாமி, எத்தினி வாட்டி ஏறி எறங்கிகினு இருக்கீங்க! இன்னா வேண்டுதலுங்க?”

அவருக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். மௌன விரதம் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டு, குப்பம்மாளிடம் ஒரு தட்டு வாங்கி அவர் கையில் வைத்தாள். தன் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு தடவை ஏறிவிட்டு வரச் சொன்னாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் தட்டு வாங்கிக்கொண்டு அவள் பின்னால் வரிசை கட்டினார்கள்.

இப்போது கிருத்திகைக்குக் கிருத்திகை ஜனங்கள் எல்லப்பன் கடையைத் தாண்டி வந்து மௌனச்சாமியைக் கேட்கிறார்கள். முட்டி வலி தாங்காமல், கடையை எல்லப்பனுக்கே விட்டுத் தொலைக்கலாம் என்று சொல்ல சுந்தரமூர்த்தி வாயெடுப்பார். வாசலில் பக்தர்கள் நிற்பார்கள். மௌனச்சாமி எப்படிப் பேசுவார்? மனைவியை ஒரு முறை முறைத்துவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டு படியேறுவார்.