ஆளில்லாத படம்

கடல் பக்கத்து யன்னலைச் சாத்திக் கொண்டியைப் போடுகிறார் பாக்கியரத்தினம். போட்ட கொண்டியை இன்னொரு தரம் தள்ளிப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் பென்சில் கைக்கு வருகிறது. ஓர்ஸ் ஹில் மேட்டில் உள்துறைமுகம் முழுவதும் தெரிகிற யன்னலுக்காக ஆட்கள் தவம் கிடக்கிறார்கள். இந்த மனிதர் பட்டப்பகலில் அதைச் சாத்திவிட்டு, பல்ப்பைப் போட்டுக்கொண்டு படம் வரைகிறார்.

"காத்து வருமே அண்ணை, திறந்து விடுங்கோவன்," என்றேன்.

"காத்து மட்டும் வந்தாப் பரவாயில்லை, தம்பி."

ஐம்பத்தைந்து வயது. ஒடிசலான உடம்பு, நீளமான விரல்கள். எதைக் கேட்டாலும் ஒருமுறை வாசலைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவார். பென்சிலை பிளேட்டால் ஊசி போலச் சீவி, சீவலையெல்லாம் வெறும் பால்மா ரின்னில் சேர்த்து வைப்பார். கோணல் என்றால் அவருக்கு ஆகாது. போகிற வீடுகளில் எல்லாம் சுவரில் சரிந்த கலண்டரை நிமிர்த்திவிடுவார். நான் போன முதல் நாளே என் சட்டைப் பையில் சாய்ந்து கிடந்த பேனாவை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் "இருங்கோ" என்றார்.

வெள்ளைக்காரரின் கடற்படைத் தளம் இங்கே இருந்த காலத்தில் அவர் வரைபட அறையில் ட்ரேசர். மற்றவர்கள் வரைந்த திட்டப்படங்களின் மேல் மெல்லிய தாளை விரித்து, கோட்டுக்குக் கோடு மையால் பிரதி எடுக்க வேண்டும். சொந்தமாக ஒரு புள்ளி வைத்தாலும் குற்றம்.

"பகல் முழுக்க மற்றவன் கீறினதுக்கு மேல கீறுறது. பின்னேரம் வந்தாக் கை கேக்கும், எனக்கெண்டு ஒண்டு கீறன் எண்டு," என்கிறார்.

அப்படித்தான் கப்பல்களை வரையத் தொடங்கினார். கயிறு, கொக்கி, கொடிக்கம்பம், ஒன்றும் தப்பாது. வெள்ளைக்காரர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு வேறொரு கந்தோரில் வேலை. துறைமுகத்தில் கப்பலும் குறைந்துவிட்டது. ஓய்வு நாட்களில் தாளைச் சுருட்டிக்கொண்டு கிண்ணியாத் துறையடிக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். தோணிக்குக் காத்திருக்கும் பெண்கள், ஏற மறுக்கும் ஆடு, வலையை உதறும் கிழவர், மாரி மழை விட்டதும் தண்ணீரில் விழும் மங்கல் வெளிச்சம், இவையெல்லாம் அவருக்குப் பாடமாயின. "கப்பல் நிண்டு குடுக்கும். ஆக்கள் நிப்பினமே? அதாலதான் கெதியாக் கீறப் பழகினனான்." நூறு கோட்டில் வரைந்தவர் ஐந்து கோட்டில் ஒரு தோணியை மிதக்க விட்டார்.

ஆனால் ட்ரேசர் புத்தி ஒன்று மட்டும் போகவில்லை. எந்தப் படமானாலும், அது ஆடே ஆனாலும், மூலையில் வடக்குத் திசை காட்டும் அம்புக்குறி ஒன்று போட்டுவிடுவார். வடக்குப் போடாத தாளை மேலதிகாரி திருப்பி எறிந்த காலத்துப் பழக்கம். "அது போடாட்டி வேலை முடிஞ்ச மாதிரி இராது." பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். போன வருஷம் வரைக்கும் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

போன வருஷம் துறையடியிலிருந்து திரும்பும்போது இராணுவச் சோதனைச் சாவடியில் தாளை விரித்துப் பார்த்தார்கள். தோணிக்காரர் ஜவாஹிரின் தோணி, அதற்கப்பால் தண்ணீர், மலை, மூலையில் அம்புக்குறி. படமென்றால் வடக்கு எதற்கு என்று கேட்டார்கள். "பழக்கம்" என்றிருக்கிறார். அந்த இடத்தில் அந்தப் பதிலைச் சொல்லிப் பார்த்தால்தான் அது எப்படிக் கேட்கும் என்று தெரியும். யாருக்குக் கொடுக்க இந்த வரைபடம் என்று கேட்டுக் கேட்டு அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஜவாஹிர்தான் தேடிப் போய்ச் சாட்சி சொன்னார். "இது என்ட தோணி. இவர் கனகாலமா எங்கட துறையடியில இருந்து கீறுற மனிசன்." இந்தக் காலத்தில் இன்னொருவருக்காக அந்த வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் வராது, உங்களில் எத்தனை பேருக்கு வரும் என்றும் தெரியாது. விடும்போது அதிகாரி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாராம்: "ஆள் கீறு. இடம் கீற வேணாம்."

அன்றிலிருந்து அவர் ஆட்களை மட்டும்தான் வரைகிறார். தாள் கட்டை அவிழ்த்து எனக்குக் காட்டினார். வெறும் வெள்ளைத் தாளில் ஒருவன் கயிற்றை இழுக்கிறான், கயிற்றின் மறுமுனையில் எதுவும் இல்லை. ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குக் கீழே ஆசனமில்லை. அவர் வரைந்ததிலேயே சிறந்தவை இவைதான். அந்தப் பெண்ணின் படத்தைக் கையில் எடுத்தேன்.

"இவவுக்கு ஒரு கதிரையாவது போட்டிருக்கலாமே?"

"கதிரை கீறினா வீடு வரும். வீடு வந்தா றோட்டு வரும்." வாசலைப் பார்த்தார். "கடல் கீறினா, எந்தக் கடல் எண்டு கேப்பினம்."

"ஜீப் சத்தம் கேட்டாச் சோத்துக் கோப்பையைக் கீழ வைச்சிடுவர், தம்பி. பேந்து சாப்பிடமாட்டார்," என்றார் குசினி வாசலில் நின்ற அவர் மனைவி இலட்சுமி.

அந்த நேரம் பார்த்து ஜவாஹிர் வந்தார். புது வீடு கட்டிக் குடி போகிறார். காலமான வாப்பா தன் தோணியைக் கட்டி வைத்த துறையடியைப் படமாகச் சுவரில் மாட்ட வேண்டுமாம். முன்பும் கேட்டிருக்கிறார், பிறகு பார்ப்போம் என்று இவர் நழுவியிருக்கிறார்.

"ஆளைக் கீறித் தாறன், தம்பி. வாப்பாவையே கீறித் தாறன்."

"எங்கட ஊட்ல மனிசர்ர படம் மாட்டுறல்ல, ஐயா. துறையடிய மட்டும் கீறித் தாங்க. ஆள் வேணாம்."

பாக்கியரத்தினம் என்னைப் பார்த்தார். "இவன் கேட்டு நான் ஏலாதெண்டா, நான் மனிசனே?"

"வேண்டாமப்பா," என்றார் இலட்சுமி. அவர் கேட்கவில்லை. புதுத் தாள் ஒன்றை விரித்தார்.

முதலில் தோணி கட்டும் கட்டை வந்தது. பிறகு கற்கள், தண்ணீர், அக்கரையின் நீண்ட கோடு. ஒரு வருஷம் பட்டினி கிடந்த கை அது. கட்டையோரத்தில் வாப்பாவின் தோணி வந்து நின்றபோது ஜவாஹிரின் கண் நிறைந்துவிட்டது. "இதுதான், ஐயா. இதேதான்," என்று தாளைத் தொடாமல் விரலால் காட்டினார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மனிதர் மீண்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

அடிவாரத்தில் ஜீப் ஒன்று கியர் மாற்றி மேலேறும் சத்தம் கேட்டது.

அவர் தாளை ஒளிக்கவில்லை, எழும்பவும் இல்லை. பென்சில் மட்டும் வேகம் பிடித்தது. துறையடியின் நட்ட நடுவில் ஒரு தோள் வந்தது, பிறகு கழுத்து, முகம். அக்கரையை மறைத்து, தோணியை மறைத்து, தண்ணீரிலிருந்து வானம் வரைக்கும் ஒரு மனிதன் எழுந்து நின்றான்.

"ஐயா, ஜீப் எங்கயோ போகுது, ஐயா," என்றார் ஜவாஹிர் மெதுவாக.

ஜீப் வாசலைக் கடந்தது. வளைவில் திரும்பி, மறுபக்கம் இறங்கி, சத்தமும் தேய்ந்து போயிற்று. ஜவாஹிர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டினார். இலட்சுமி வாசல் வரைக்கும் அவருக்குப் பின்னால் போனார்.

பாக்கியரத்தினம் நிமிரவில்லை. அந்த மனிதனின் சட்டைக்கு ஒவ்வொன்றாகப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார்.