ஊசியில் படாதது

1996-க்குப் பிறகு தங்கையா யாருக்கும் மலாயில் பேசிக் கொடுத்ததில்லை. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு அழைத்தால் முகம் வெளுத்துப்போகும். அதற்கு முன் புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கே அவர்தான் வாய். ரப்பர் பால் லோரி ஓட்டி நாலு ஊர் சுற்றியவர். மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அலோர் காஜா ஆபீசில் அதிகாரி கால் மணி நேரம் அளந்ததை, “அடுத்த மாசம் வரச் சொல்றான்லா” என்று ஒரே வரியில் முடித்துக் கொடுப்பார். சனங்களுக்கும் அதுதான் வசதி.

அந்த வருஷம் மனைவி முத்தாயிக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு கட்டி தட்டுப்பட்டது. மலாக்கா ஆஸ்பத்திரியில் ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே நீள ஊசியை இறக்கி, நூலளவு சதை எடுத்தார்கள். பத்தாம் நாள் மலாய்க்கார டாக்டர் நிதானமாக விளக்கினார். எடுத்த சதையில் புற்று இல்லை. ஆனால் கட்டியின் நடுப்பகுதி செத்துக் கிடக்கிறது, ஊசி அங்கேதான் போயிருக்கிறது. ஊசி ‘இருக்கிறது’ என்றால் நம்பலாம். ‘இல்லை’ என்றால் அப்படியே நம்பிவிடக் கூடாது. இரண்டு வாரத்தில் ஓரத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

முத்தாயி கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒன்னும் இல்லையாம்லா,” என்றார்.

அவள் அங்கேயே அழுதுவிட்டாள். மிச்சத்தை வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். ஆனால் பஸ்ஸிலேயே பக்கத்து வீட்டுக் காளியம்மாவிடம் அவள் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை, வேண்டிக்கொண்டபடி தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடமும் எடுத்தாயிற்று. நேர்ந்ததைச் செலுத்திய பிறகு மறுபடி ஊசி என்றால் ஆத்தாளைச் சந்தேகப்படுவதாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் அவருக்குப் பயம். சிரிக்கிற முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. டாக்டர் குறித்த நாளில் லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் அவள் விலாவில் கை வைக்கும்போதெல்லாம் டாக்டரின் மலாய்ப் பேச்சு, ஒரு சொல் விடாமல், அவர் காதில் ஓடும்.

நாலு மாதத்தில் வயிறு வீங்கியது. இந்த முறை ஊசியில் புற்று அகப்பட்டது. அறுத்து எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றார் அதே டாக்டர். பிறகு முத்தாயி பக்கம் திரும்பி வருத்தமாக ஏதோ கேட்டார்.

“என்னா கேக்குறாரு?”

“அன்னிக்கே ஏன் திரும்பி வரலன்னு.”

“திரும்பி வரணும்னு நம்மகிட்ட யாரும் சொல்லலியே. சொல்லுங்க அவருகிட்ட.”

தங்கையா டாக்டரைப் பார்த்தார்.

“மறந்துட்டாளாம்,” என்று மலாயில் சொன்னார்.

டாக்டர் அதை அட்டையில் எழுதிக்கொண்டார். தான் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து, ஆமாம் என்பதுபோல் முத்தாயி டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினாள்.