வேலிக்கு வெளியே

சுறா எண்ணெய் வாடை வந்தாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. இன்று கரையில் யாரோ தோணிக்கு அதைப் பூசுகிறார்கள். நான் வாசலுக்கும் வேலிப் படலைக்குமாக நடக்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில், அப்பா எங்கள் ஊரான கீரியிலிருந்து, சுறா எண்ணெய் பூசிய பாய்மரத் தோணியில் ரங்கூனுக்குப் புறப்பட்டார். விடைபெற்று இறங்கியதும் காற்று விழுந்துவிட்டது. விடைபெற்றவர் பயணம் முடியாமல் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. காற்றுக்காகக் கரையிலேயே கிடந்தார். அதற்குள் தம்பி பிறந்தான். நான் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் அப்பா, "ஆரைப்போல இருக்கிறான்?" என்று கேட்பார்.

பிள்ளைப்பேற்றுத் தீட்டில் படலை தாண்ட முடியாத அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வேலிக்கு வெளியில வந்து நிக்கச் சொல்லு. உள்ளுக்கு வராட்டிச் சரிதானே? பிள்ளையைத் தூக்கிக் காட்டுறன்."

ஓடினேன். பாதி வழியில் காற்று என் பாவாடையை இழுத்தது. கரையில் தோணி இல்லை.

திரும்பி வந்தபோது, அம்மா வேலியடியில் தம்பியைக் கடல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.