குழம்பு மட்டும்

2005 பங்குனியில், உப்பளத்துக்குப் போகும் சாலையில் ஓட்டல் திறந்தேன். பதினோரு வருடம் பார்த்த கிளார்க் வேலையை அதற்காகத்தான் விட்டிருந்தேன். திறந்த தேதியைப் பலகையிலேயே எழுத வைத்தேன்.

முதல் நாள் பத்து மணிக்கு, உப்பு வாரி முடித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லார் கையிலும் தூக்குவாளி, அதில் வீட்டுச் சோறு.

"அண்ணே, கொழம்பு மட்டும் ஊத்துங்க. சோறு எங்களாண்ட இருக்குது."

"சாப்பாடு வாங்கினாத்தாம்மா கொழம்பு. இது ஓட்டலு."

"அய்யே, பெரிய ஓட்டலு! வாங்கடி போலாம்" என்று ஒருத்தி சிரித்தாள்.

"ஊத்திக் குடுங்க, நாளைக்கும் வருவாங்க" என்றாள் அடுப்படியிலிருந்து என் மனைவி. உப்பளத்துக்குச் சோறு கட்டாமல் யாரும் வருவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வெறும் குழம்பு விற்பது கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

அடுத்த வாரமே எதிரில் பூவரச மரத்தடியில் ஒரு பெண் அடுப்பு மூட்டிக் கருவாட்டுக் குழம்பு மட்டும் விற்க ஆரம்பித்தாள். அத்தனை தூக்குவாளிகளும் அங்கே போயின. ஐப்பசி மழைக்கு முன்பே நான் கடையை மூடிவிட்டேன்.

2006 தொடக்கத்திலிருந்து என் மனைவி அந்தப் பெண்ணிடம் கூலிக்குப் போகிறாள். திரும்பும்போது மீந்த குழம்பைக் கொண்டுவருவாள். நான் சோறு வடித்து வைத்திருப்பேன்.